அப்பத்தாவின் மரச் சாமி



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். ஆனைக்கரைப் பக்கம் ஏலத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக உழைப்பவர்கள். பூர்வீகம் தேனி மாவட்டம். எண்பது வயதைத் தாண்டிய அப்பத்தா, மகன், மருமகள், கல்லூரியில் சேரக் காத்திருக்கும் பேத்தி என்று நான்கு பேர். மகன் கையில் சிவப்புத் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று. பிரித்தால், உள்ளே ஒரு முழ உயரத்தில் மரத்தில் செதுக்கிய பெண் உருவம். ஒரு கை இடுப்பில் இருக்கிறது, மறு கை ஒடிந்து போயிருக்கிறது. எண்ணெயும் மஞ்சளும் விளக்குப் புகையும் ஏறி முகம் கறுத்துக் கிடந்தது.

"சார், ஒரு யாவாரி வந்து இதுக்குப் பதினஞ்சாயிரம் தர்றேங்கிறாரு. பாப்பாவுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். நீங்க ரயில்வேல மரமெல்லாம் பாத்தவரு. இது எத்தனை வருசத்துச் சாமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் மகன்.

"சாமான் இல்லடா, சாமி" என்று அப்பத்தா திருத்தினார்.

அந்த வியாபாரி தன் கைப்பேசியில் சில படங்களைக் காட்டினாராம். பசிபிக் கடல் தீவுகளின் மரத் தெய்வங்கள். வெளிநாட்டில் இவை லட்சக்கணக்கில் விலை போகின்றன, உங்கள் பொம்மையும் இந்த ஜாதிதான் என்றாராம். பேத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தத் தீவுக்காரங்க அவங்க சாமிய ஏன் தாத்தா வித்தாங்க?"

அன்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம்மில் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இப்படி ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

தீவுகளின் தெய்வங்கள்

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கிலும் கிழக்கிலும் பசிபிக் கடலில் ஆயிரக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. இந்தப் பரப்பு முழுவதையும் ஓஷியானியா என்பார்கள். 1903 முதல் மதராஸ் துறைமுகத்திலிருந்து நம்மவர்கள் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய பிஜியும் அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பியர் இரும்பு கொண்டுவரும்வரை அந்த மக்களிடம் உலோகக் கருவி இல்லை. கல் வாய்ச்சி, சிப்பி ஓடு, சுறாப் பல் ஆகியவற்றைக் கொண்டே மரத்தைச் செதுக்கினார்கள். இரும்பு உளி வைத்திருந்த நம் ஆட்களே ஒரு வயிரம் பாய்ந்த கட்டையை இழைக்க எவ்வளவு திணறுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இவர்கள் வேலையைப் படத்தில் பார்த்தபோது நெடுநேரம் பக்கத்தைப் புரட்டத் தோன்றவில்லை.

ஓர் உதாரணம். இன்று பிரெஞ்சு பாலினேசியாவில் உள்ள ருருட்டு என்ற சிறு தீவின் தெய்வம் 'ஆஆ'. ஏறத்தாழ நான்கடி உயரம். முகத்திலும் உடம்பிலும் முப்பது சின்னஞ்சிறு உருவங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். கண், மூக்கு, வாய்கூட அந்தச் சிறு உருவங்களால் ஆனவை. முதுகில் மூடியுடன் கூடிய ஒரு குழிவு உண்டு. முன்னோரின் எலும்புகளை வைப்பதற்காக அது அமைந்தது என்பது அறிஞர் கருத்து. 1821-ல் அந்தத் தீவார் கிறிஸ்தவம் தழுவியபோது இந்த உருவத்தை லண்டன் மிஷனரி சொசைட்டியாரிடம் ஒப்படைத்தார்கள். நாகர்கோவில் பக்கம் பள்ளிக்கூடங்களும் ஆலயங்களும் கட்டிய அதே லண்டன் மிஷன்தான். இப்போது அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிற்கிறது. ஓவியர் பிகாசோ இதன் வார்ப்பு நகல் ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்தார். பல காலமாக வேறு மரம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அண்மைக் காலத்தில் பரிசோதித்தபோது அது சந்தன மரம் என்று தெரியவந்தது. நம் இடுக்கி மாவட்டத்து மறையூர்ச் சந்தனத்தை நினைத்துக்கொண்டேன். எங்கோ இருக்கும் கடல் தீவிலும் சாமிக்கு என்று தேடிப்போன மரம் சந்தனமாகவே இருந்திருக்கிறது!

ஆக, இது விற்ற சாமி அல்ல, கைவிட்ட சாமி. மதம் மாறிய இடங்களில் இப்படி ஒப்படைக்கப்பட்டவை சில. தீயில் போட்டவை ஏராளம்.

பேத்தியின் கேள்விக்கு நேரான பதில் பாப்புவா நியூகினியைச் சேர்ந்த நியூ அயர்லாந்து என்ற தீவில் கிடைக்கிறது. அங்கே ஒருவர் இறந்தால் உடனே எல்லாம் முடிந்துவிடாது. மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து, துக்கத்தை முடிக்கும் பெரிய சடங்கு நடக்கும். அதற்கென்று 'மலங்கன்' எனப்படும் மரச் சிற்பத்தை ரகசியமாகச் செதுக்குவார்கள். பறவை, மீன், பாம்பு, மனித முகம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய, கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடு. சடங்கு நாளில் திரையை விலக்கிக் காட்டுவார்கள். விருந்து நடக்கும். அவ்வளவுதான், அந்தச் சிற்பத்தின் வேலை முடிந்தது. பிறகு அதை மழையில் மட்கவோ தீயில் எரியவோ விட்டுவிடுவார்கள்.

மாதக்கணக்கில் உழைத்து, ஒரு நாள் காட்டி, மட்கவிடுவதா என்று நமக்குத் தோன்றும். அவர்கள் கணக்கு வேறு. அந்த உருவத்தை இன்னபடி செதுக்கலாம் என்ற உரிமைதான் அவர்களுக்குச் சொத்து. அதை ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு முறைப்படி மாற்றித் தரும். மரக்கட்டை சொத்தல்ல. 1885 முதல் 1914 வரை ஜெர்மானியர் அந்தத் தீவை ஆண்டபோது, வேலை முடிந்த சிற்பங்களை அவர்கள் விலைக்குக் கேட்டார்கள். தீவார் கொடுத்தார்கள். மட்கவிடுவதும் கப்பலில் ஏற்றி அனுப்புவதும் அவர்களுக்கு ஒன்றுதான், சிற்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் இதை விளக்குகிறார்கள். ஐரோப்பிய மியூசியங்களில் மலங்கன்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த கதை இதுதான்.

நியூகினியின் மேற்குப் பாதியில், இந்தோனேசியாவைச் சேர்ந்த அஸ்மாத் மக்களிடமும் இதே போக்கைக் காணலாம். 'பிஸ்' கம்பம் என்று ஒன்று செய்வார்கள். ஒரே அடிமரத்தில், இறந்த முன்னோர் ஒருவர் மேல் ஒருவராக நிற்கும் உருவங்கள். சடங்கு முடிந்ததும் கம்பத்தைச் சவ்வரிசிப் பனந்தோப்பில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். அது மட்கி, அதன் சக்தி உணவு தரும் மரங்களுக்குள் இறங்க வேண்டும் என்பது நம்பிக்கை. இந்தக் கம்பங்களைச் சேகரிக்கப் போன அமெரிக்கக் கோடீசுவரர் வீட்டுப் பிள்ளை மைக்கேல் ராக்பெல்லர் 1961-ல் அங்கே காணாமற் போனார், இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் சேகரித்தவை நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் அவர் பெயரிலுள்ள பகுதியில் இருக்கின்றன. மண்ணோடு மண்ணாக வேண்டியவை குளிரூட்டிய கண்ணாடி அறையில் நிற்கின்றன. இது நல்லதா கெட்டதா என்று எனக்குள் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

நக்கவாரத்து உருவங்கள்

பசிபிக் வரை போவானேன்? நம் நாட்டிலேயே, வங்கக் கடலில், இதற்கு மிக நெருங்கிய ஒன்று இருக்கிறது. நிக்கோபார் தீவுகளைத்தான் சொல்கிறேன். முதலாம் ராஜேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டில் 'மாநக்கவாரம்' என்று வருவது இதுவே. தமிழ்நாட்டோடு இன்னொரு உறவும் உண்டு. 1756 முதல் இந்தத் தீவுகளுக்கு உரிமை கொண்டாடிய டேனிஷ்காரர்கள் அவற்றைத் தரங்கம்பாடியிலிருந்து நிர்வகித்தார்கள். 1768 முதல் சுமார் இருபது ஆண்டுகள் நன்கவுரித் தீவில் தங்கிய மொரேவியப் பாதிரிமார்களும் தரங்கம்பாடி வழியாகப் போனவர்களே. பெரும்பாலோர் காய்ச்சலுக்குப் பலியானார்கள். 1868-ல் டேனிஷ்காரர் தங்கள் உரிமையை விற்க, மறு ஆண்டு ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர்.

நன்கவுரி வட்டாரத் தீவுகளில் வீட்டில் ஒருவர் நோயில் படுத்தால், 'மென்லுவானா' எனப்படும் மருத்துவப் பூசாரி வருவார். நம் ஊர்க் கோடாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தீய ஆவி பிடித்திருக்கிறது, அதை விரட்ட எந்த உருவம் செய்ய வேண்டும் என்று அவர் சொல்வார். அதன்படி மரத்தில் உருவம் செதுக்குவார்கள். இதன் பெயர் 'ஹெந்தாகோய்'. முழங்கால் மடக்கி, கையை ஓங்கி, பயமுறுத்தும் பாவனையில் நிற்கும் மனிதன், பாதி மனிதன் பாதிப் பறவை, முதலை, மீன் என்று பல வகை. கண்ணுக்குச் சிப்பி பதிப்பார்கள். சில உருவங்கள் தலையில் வெள்ளைக்காரக் கப்பல் தலைவனின் தொப்பி வைத்திருக்கும்! கடலில் வந்தவர்களில் பலசாலியாகத் தெரிந்தவன் அவன், ஆவியும் அவனுக்குப் பயப்படட்டும் என்று வைத்தார்கள் போலும்.

நோயாளி பிழைத்துவிட்டால் அந்த உருவத்துக்கு வீட்டில் நிரந்தர இடம் உண்டு. இறந்துவிட்டால், வேலை செய்யாத கட்டை என்று காட்டில் எறிந்துவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே அதிகாரியாக இருந்த இ. எச். மேன் என்பவர் இவற்றைப் பற்றி விரிவாக எழுதியதோடு, பல உருவங்களை இங்கிலாந்து மியூசியங்களுக்கும் அனுப்பினார்.

சில ஆண்டுகளுக்கு முன் மகனுடன் போர்ட் பிளேர் போயிருந்தேன். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அங்கே மானிடவியல் மியூசியத்தில் நிக்கோபார் மர உருவங்களைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தேன். நிக்கோபாருக்கு நம்மைப் போன்ற சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. அது பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டுப் பகுதி. கிறிஸ்தவம் பரவியபின் இந்த உருவங்களின் தேவை குறைந்துபோக, 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தத் தீவுகளில் ஊர் ஊராக வீடுகளை வாரிக்கொண்டு போனது. வீடு போனபின் வீட்டுக்குள் இருந்த பழம்பொருள் எங்கே இருக்கும்?

நம் மரத் தெய்வங்கள்

மரச் சாமி என்றால் ஏதோ காட்டுவாசிச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். பூரி ஜகந்நாதர் வேப்ப மரம். காஞ்சி அத்திவரதர் அத்தி மரம். திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் மரத் திருமேனி. நம் கேரளத்தில் கொடுங்கல்லூர் பகவதி பலா மரம். மரத் திருமேனிக்கு நீரால் அபிஷேகம் செய்ய முடியாது அல்லவா? அதனால் செட்டிக்குளங்கரை போன்ற கோயில்களில் தேக்கிலிருந்து எடுக்கும் எண்ணெய்ப் பதமான சாந்தைப் பூசுகிறார்கள். சாந்தாட்டம் என்று பெயர். வழிபாடும் ஆயிற்று, மரத்துக்குப் பாதுகாப்பும் ஆயிற்று. எங்கள் ஸ்லீப்பர் கட்டைகளுக்குக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றுவதும் இதே நோக்கத்தில்தான். (கட்டையையும் சாமியையும் ஒப்பிடுவதாகப் பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

பூரியில் நடப்பது கவனிக்கத்தக்கது. ஆஷாட மாதம் இரண்டு வரும் ஆண்டில், அதாவது எட்டு, பன்னிரண்டு அல்லது பத்தொன்பது ஆண்டு இடைவெளியில், புதிய வேப்ப மரம் தேடிப் புதிய திருமேனிகள் செய்கிறார்கள். நவகளேபரம் என்பது அதன் பெயர். கடைசியாக 1996-லும் 2015-லும் நடந்தது. நள்ளிரவில், கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு, பழைய திருமேனிக்குள் இருக்கும் 'பிரம்ம பதார்த்தம்' என்பதைப் புதியதற்குள் மாற்றுவார்கள். பிறகு பழைய திருமேனிகளைக் கோயில் வளாகத்திலேயே கோயிலி வைகுண்டம் என்ற இடத்தில் புதைக்கிறார்கள். அந்தப் பணியைச் செய்யும் தைதாபதிகள் சொந்த உறவினர் இறந்ததைப் போலத் தீட்டுக் காத்துத் தலைமுடி களைகிறார்கள். சாமிக்குக்கூட இறுதிக் கடன் உண்டு!

அத்திவரதர் இதற்கு நேர் எதிர். 1979-க்குப் பிறகு 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்து, மீண்டும் அனந்தசரஸ் குளத்துக்குள் போய்விட்டார். நாற்பது ஆண்டு தண்ணீரில் கிடந்தும் மரம் எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று பலர் என்னைக் கேட்டார்கள். மரத்தை உளுக்க வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். காய்ந்த மரத்தில் ஈரம் போதாது. முழுக்க நீரில் அமிழ்ந்த மரத்தில் காற்று போதாது. நனைவதும் காய்வதுமாக இருக்கும் மரம்தான் சீக்கிரம் போகும். போடி மீட்டர் கேஜ் பாதையில் வேலை பார்த்த நாட்களில், கட்டையின் நடுப்பகுதி கல்லுப்போல இருக்க, தண்டவாளம் உட்காரும் இடமும் ஜல்லிக்குள் புதைந்த விளிம்பும் மட்டும் பஞ்சுபோல் ஆகியிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கர்நாடகக் கடற்கரையில் துளு மக்கள் வணங்கும் பூதங்களின் மர உருவங்களையும் சொல்ல வேண்டும். உடுப்பி மாவட்டத்தில் மெக்கெகட்டு என்ற ஊர்க் கோயிலில் ஆளுயரத்துக்கும் மேலான உருவங்கள் உள்படச் சிவப்பு வண்ணம் தீட்டிய ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது. பழையவை பழுதானபோது புதியவை செய்து வைத்தார்கள். இத்தகைய பூத உருவங்களை டெல்லி கைவினை மியூசியத்தில் காணலாம்.

பழுதான மரத் திருமேனியை என்ன செய்வது என்பதற்கு அக்னி புராணத்தில் விதி இருக்கிறது. கல்லாக இருந்தால் நீரில் விட வேண்டும், மரமாக இருந்தால் தீயில் இட வேண்டும். அதற்கு முன் அதிலுள்ள தெய்வ சக்தியைக் கலசத்துக்கு இறக்கிவிடுவார்கள். நம் ஊர்க் கோயில்களில் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலங்கன் மழையில் மட்குகிறது, பிஸ் கம்பம் தோப்பில் கிடக்கிறது, ஹெந்தாகோய் காட்டுக்குப் போகிறது, ஜகந்நாதர் மண்ணுக்குள் போகிறார். மரத்தில் சாமி செய்த எல்லா மக்களும் அதை முடித்து அனுப்புவதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழி நடுவில் அறுபடும்போதுதான் வியாபாரி வருகிறார். ஆகவே நம் வீட்டு உருவம் ஒன்றை விற்கலாமா என்றால், நான் முதலில் கேட்கும் கேள்வி விலையைப் பற்றியதல்ல. அதை வணங்கியவர்கள் அதை முடித்துவிட்டார்களா, இன்னும் முடிக்கவில்லையா?

பழசா, பழசாக்கியதா?

குமுளி, கொச்சி மட்டாஞ்சேரிப் பக்கம் கடைகளில் 'நூற்றைம்பது வருடத்துப் பழங்குடி விக்கிரகம்' என்று விற்பதில் பல சென்ற வருடம் செய்தவையாக இருக்கலாம். நம் பிள்ளைகள் சிலர் அத்தகைய கடைகளில் வேலையும் பார்க்கிறார்கள், சிலர் வாங்கி ஏமாந்தும் இருக்கிறார்கள். மரம் தெரிந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

மரம் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். குறுக்குவாக்கில் சுருங்கும், அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், மையத்தை நோக்கிய திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் கடைசலில் வட்டமாகக் கடைந்த பழைய பீடம் நாளாவட்டத்தில் லேசாக முட்டை வடிவமாகியிருக்கும். நூல் வைத்து இரண்டு திசையில் அளந்தால் தெரியும். முழு உருட்டுக் கட்டையில் செதுக்கிய உருவத்தில் மையத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி வெடிப்பு ஓடும். ஸ்லீப்பர் கட்டையின் முனையில் இந்த வெடிப்பைத் தடுக்கத்தான் 'எஸ்' வடிவ இரும்புப் பட்டை அடிப்போம். பழைய வெடிப்பின் உள்பக்கமும் வெளிப்பக்கத்தைப் போலவே அழுக்கேறிக் கறுத்திருக்கும். வெளியே கறுப்பாகவும் வெடிப்புக்குள் பளிச்சென்றும் இருந்தால், வெயிலில் போட்டு வெடிக்க வைத்ததோ என்று சந்தேகப்படுங்கள்.

புழு ஓட்டையை எல்லோரும் பழமைக்கு அடையாளமாக நினைக்கிறார்கள். ஓட்டை வட்டமாக, மேல்பரப்பில் புள்ளி புள்ளியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது பூச்சி வெளியே வந்த வாசல். உள்ளே அது குடைந்த பாதை வாய்க்கால் போல மேலே திறந்து தெரிந்தால், ஏற்கெனவே புழு அரித்த பழைய உத்தரத்தை வாங்கிப் புதிதாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

தேய்மானத்தையும் பாருங்கள். பூசாரி கை படும் இடம், குங்குமம் வைக்கும் நெற்றி, மாலை உரசும் தோள், தூக்கும்போது பிடிக்கும் இடுப்பு இவைதான் தேயும். கை எட்டாத மடிப்புகளில் உளித் தடம் கூர்மையாகவே இருக்கும். எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை. வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்து மறைவான இடத்தில் துடைத்தால் பூட் பாலிஷ் வாசனை அடிப்பதும் உண்டு. வீட்டில் பூசை நடக்கும் உருவத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

கரிமக் காலக்கணிப்பு செய்தால் தெரிந்துவிடாதா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். அது மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும், செதுக்கிய காலத்தை அல்ல. தவிரவும் சுமார் 1650-க்குப் பிந்தைய முந்நூறு ஆண்டுகளுக்குள் அது தெளிவாகப் பிரித்துக் காட்டாது. நம் வீட்டுச் சாமிகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்துக்குள்தான் அடங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் அமலில் இருக்கிறது. நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம் தொல்பொருள். மரச் சிற்பமும் இதில் அடங்கும். அத்தகைய பொருளை வைத்திருப்பவர் தொல்லியல் பதிவு அலுவலரிடம் புகைப்படத்துடன் விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்ததால் அரசாங்கம் பொருளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று ஒரு பயம் நம்மவர்களிடம் இருக்கிறது. வீட்டில் வைத்துக் கும்பிடுவதை யாரும் தடுப்பதில்லை. பொருள் கைமாறினால் மட்டும் தெரிவிக்க வேண்டும்.

தொல்பொருளை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் எவரும் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஆகவே "வெளிநாட்டுல நல்ல விலை போகும்" என்று ஒருவர் சொன்னால், அவர் எதைச் சொல்கிறார் என்பதை யோசிக்க வேண்டும். அது உண்மையில் நூறாண்டுப் பொருளாக இருந்தால் வெளியே போக வழியில்லை. போக வழி இருந்தால் அது அவ்வளவு பழசில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

அப்பத்தாவின் உருவத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தேன். பீடத்தின் அடியில் கரையான் அரித்த இடத்தில் மரத்தின் நிறம் தெரிந்தது. செம்பழுப்பு, வேம்பு என்று நினைக்கிறேன். முதுகில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு, உள்ளேயும் நன்றாகக் கறுத்திருந்தது. நெற்றி வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. ஒடிந்த கையின் முறிவுகூட எண்ணெய் குடித்துப் பழகியிருந்தது. கடையில் செய்த வேலை இல்லை என்று உறுதியாகச் சொன்னேன்.

வயதை மரத்திடம் கேட்பதைவிட அப்பத்தாவிடம் கேட்பது எளிது. "எங்க மாமியா குடுத்தது. அவுகளுக்கு அவுக மாமியா குடுத்தது. நான் கல்யாணமாகி மலையேறி வந்தப்ப, அரிசிப் பானைக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன்" என்றார். கணக்குப் போட்டால் நூறு ஆண்டு தாராளமாகத் தாண்டும். சட்ட விவரத்தை மகனிடம் சொன்னேன். வியாபாரியிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன்.

"இதுக்கு யாராவது முடிச்சு வச்சாங்களா அப்பத்தா?" என்று பேத்திதான் கேட்டாள்.

"யாரு முடிப்பா? போன ஆடிக்குக்கூட நாந்தான பொங்கல் வச்சேன்" என்றார் கிழவி. மகன் அதற்குப் பிறகு விலையைப் பற்றிப் பேசவில்லை.

கரையான் மண்ணை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, பீடத்தின் அடியில் வேப்பெண்ணெய் தடவிக் கொடுத்தேன். தரையிலோ சுவரோரமோ வைக்காமல், மரப்பலகைமேல் காற்றுப் படும்படி வைக்கச் சொன்னேன். பிளாஸ்டிக் பையில் மட்டும் சுற்ற வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சித்திரையில் ஊருக்குப் போகும்போது குலதெய்வக் கோயில் பூசாரியிடம் காட்டி, கோயிலிலேயே சேர்ப்பதா, வீட்டில் வைப்பதா என்று கேட்பதாக இருக்கிறார்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு மருமகள் ஏலச்சீட்டு ஒன்றைத் தள்ளி எடுத்திருக்கிறார். நஷ்டம்தான். வியாபாரி மறுநாளே போன் செய்து இருபதாயிரம் தருகிறேன் என்றாராம்.

உங்கள் வீட்டில் இதுபோன்ற மர உருவமோ, பழைய மரப்பாச்சி ஜோடியோ, தேரிலிருந்து வந்த சிற்பத் துண்டோ இருந்தால், பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து முன்னும் பின்னும் அடியும் தெரியப் படம் எடுத்து வையுங்கள். யார் கொடுத்தது, எந்த ஊர், எந்த நாளில் பூசை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து வையுங்கள். பதிவு விண்ணப்பம் எழுத உதவி வேண்டுபவர்கள் சங்கக் கூட்டம் நடக்கும் நாளில் என்னைப் பார்க்கலாம். உருவத்தைக் கொண்டுவர வேண்டாம், படம் போதும்.